ஸ்காபரோ பங்களாவின் கழிவுக்குழாய்: தோண்டுவதா, உறை போடுவதா, பொறுத்திருப்பதா?

ரொறன்ரோவின் ஸ்காபரோ, நோர்த் யோர்க் பக்கம் 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களாக்கள் பலவற்றில் வீட்டிலிருந்து வீதிக்குப் போகும் கழிவுக்குழாய் இன்றும் சுட்டமண் குழாய்தான். இரண்டு மூன்று அடித் துண்டுகள். ஒன்றின் அகன்ற வாய்க்குள் அடுத்ததன் நுனி. இடையில் சிமெந்துச் சாந்து. துண்டு நூறு வருடம் கிடக்கும், சாந்து கிடக்காது. அது உதிர்ந்த இடுக்கால் ஈரம் கசியும். அந்த ஈரத்தை மோப்பம் பிடித்து முன்வாசல் மேப்பிளின் வேர் மயிரிழையாக உள்ளே நுழையும், நுழைந்தபின் நரிவால் போலப் பருத்துத் தொங்கும். அதில் கடதாசி மாட்டும், சமையல் எண்ணெய் படியும், ஒருநாள் பேஸ்மென்ட் தரைத்துளையால் எல்லாம் மேலே வரும்.

அன்றைக்கு மூன்று பேரைக் கூப்பிட்டால் மூன்று விலை வரும். ஒருவர் 6,000 டொலர், ஒருவர் 12,000, மற்றவர் 20,000. இதில் யாரும் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லை. மூவரும் மூன்று வேறு வேலைக்கு விலை சொல்லியிருப்பார்கள். உங்கள் குழாய்க்கு அதில் எந்த வேலை தேவை என்பதுதான் கேள்வி. கீழே வரும் தொகைகள் எல்லாம் ரொறன்ரோ வட்டாரத்தில் கேட்கக் கிடைக்கும் தோராயக் கனேடிய டொலர் விலைகள். 13 வீத எச்எஸ்ரி விற்பனை வரி இதற்கு மேல்.

குளிர் எங்கே கடிக்கிறது

ரொறன்ரோவில் உறைபனி மண்ணுக்குள் இறங்கும் ஆழத்தை 4 அடி என்று வைத்துத்தான் அத்திவாரம் போடுகிறார்கள். ஒட்டாவாவில் 5, 6 அடி. வின்னிபெக்கில் அதற்கும் கீழே போகும். 2014, 2015 குளிர்காலங்களில் அங்கே ஏராளமான வீடுகளின் குடிநீர்க் குழாய்கள் மண்ணுக்குள்ளேயே உறைந்தன. பேஸ்மென்ட் உள்ள வீட்டின் கழிவுக்குழாய் வழக்கமாக 7, 8 அடி ஆழத்தில் போகிறது. ஆகவே ரொறன்ரோவில் அது உறைவது அரிது. பிறகு குளிர் ஏன் செலவைக் கூட்டுகிறது? குழாயை அடைய அந்த 4 அடிப் பனிமண்ணைத் துளைத்துத்தான் இறங்க வேண்டும், அதனால்தான்.

உறைவது நடக்கும் வீடுகளும் உண்டு. பேஸ்மென்ட் இல்லாத வீடு, பாதி நிலமட்டத்தில் நிற்கும் ஸ்பிளிட் லெவல் வீடு, பின்பக்கம் சேர்த்துக் கட்டிய சமையலறை, ஏரிக்கரைக் கொட்டேஜ். இங்கே குழாய் 2, 3 அடியில் போகும். வேகமாக ஓடும் வெதுவெதுப்பான தண்ணீர் உறையாது. சொட்டுச் சொட்டாக வரும் தண்ணீர்தான் உறையும். உயர்திறன் ஃபர்னஸிலிருந்து குளிர்காலம் முழுக்க ஒழுகும் நீர் இதற்குச் சரியான உதாரணம்: சொட்டு குழாயின் அடியில் படலமாக ஓடும், படலம் உறையும், அதன்மேல் அடுத்த படலம். நாள் போகப் போக 4 அங்குலக் குழாய் 2 அங்குலமாகிவிடும். குடிநீர்க் குழாய் உறையாதிருக்கப் பைப்பை மெல்லிதாகத் திறந்துவிடும் பழக்கமும் ஆழமில்லாத கழிவுக்குழாய்க்கு இதே வினையைச் செய்யும்.

இன்னொன்று, பனி வழித்த ட்ரைவ்வேக்குக் கீழே உறைபனி ஆழமாக இறங்கும். பனி மூடிக்கிடக்கும் புல்தரைக்குக் கீழே குறைவாகத்தான் இறங்கும். பனி மண்ணுக்குப் போர்வை. குழாய் ட்ரைவ்வேக்கு அடியில் ஆழமில்லாமல் போனால், மாற்றும்போது அதன்மேல் 2 அங்குல எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை விரித்துவிட வேண்டும். 1 அங்குலப் பலகை ஏறக்குறைய 1 அடி மண்ணுக்குச் சமம் என்பது தொழிலில் உள்ள கணக்கு. சில நூறு டொலர் வேலை. ஆனால் கேட்டால்தான் போடுவார்கள்.

ஜனவரியில் சிங்க் கடகடவென்று சத்தம் போட்டு மெல்ல வடிந்தால் உடனே குழாய் போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கூரைமேல் நிற்கும் காற்றுக்குழாயின் வாய் உறைபனியால் அடைபட்டாலும் இதே அறிகுறிதான். உள்ளிருந்து வரும் ஈரக்காற்று வெளிக்குளிரில் பட்டு வாயைச் சுற்றி வெண்பனியாகப் படிந்து துளையை மூடிவிடும். பழைய வீடுகளில் ஒல்லியான காற்றுக்குழாய் கூரைக்கு வெளியே உயரமாக நின்றால் இது வருடாவருடம் நடக்கும். வெயில் ஏறியதும் தானாகச் சரியாகிறதென்றால் நீங்கள் தேட வேண்டிய இடம் மண்ணுக்குள் இல்லை.

கமரா பார்க்காமல் விலை கேட்காதீர்கள்

குழாய்க்குள் கமரா விட்டுப் பார்க்க 200 முதல் 400 டொலர். இந்த வேலை முழுவதிலும் இதைவிடப் பயனுள்ள செலவு கிடையாது. இலவசக் கமரா என்று வருபவர் பெரும்பாலும் ஒரே ஒரு முறையை விற்பவராக இருப்பார். அவர் காட்டும் படம் அந்த முறைக்குத்தான் வழிகாட்டும். காசு கொடுத்து, வேலை எடுக்காத ஒருவரைக் கொண்டு பார்ப்பது நல்லது.

முதலில் குழாயைச் சுத்தம் செய்து, பிறகு கமரா விட வேண்டும். வேரும் எண்ணெயும் மறைத்த குழாயில் எதுவும் தெரியாது. திரையில் தூரம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்; பதிவை உங்கள் கையில் தர வேண்டும். கமராத் தலையில் உள்ள சமிக்ஞைக் கருவியை மேலிருந்து பிடித்து, கோளாறு உள்ள இடத்தை நிலத்தில் வண்ணத்தால் குறித்து, ஆழமும் எழுதித் தர வேண்டும். "இருபத்திரண்டாவது அடியில், ஏழரை அடி ஆழத்தில்" என்று சொல்லத் தெரியாத கமராவால் பலனில்லை.

பார்க்கும்போது கவனிக்க வேண்டியது நான்கு. இணைப்பில் மட்டும் வேர் தொங்குகிறதா? துண்டு நெடுக வெடித்திருக்கிறதா? ஒரு துண்டு கீழே இறங்கிப் படிக்கட்டுப்போல் நிற்கிறதா? கமரா தண்ணீருக்குள் மூழ்கி, சில அடி தள்ளி மறுபடி வெளியே வருகிறதா? கடைசியில் சொன்னது தொய்வு. பாயில் நடுப்பள்ளம் விழுந்ததுபோல் குழாய் தொங்கி, அங்கே எப்போதும் தண்ணீர் தேங்கும். இதைக் கண்டுபிடிக்கக் கமராவோடு சேர்த்துத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். காய்ந்த குழாயில் தொய்வு தெரியாது. விலை ஒப்பீட்டில் பாதியை இந்தத் தொய்வே தீர்த்துவிடும், ஏனென்றால் தோண்டாமல் தொய்வை நிமிர்த்தும் முறை எதுவும் இல்லை.

வேறொரு வகைக் குழாயும் தட்டுப்படலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய காலத்தில் தார் தோய்த்த கடதாசி நாரால் செய்த குழாயைப் போட்டார்கள். கனடாவில் அதை நோ-கோரோட் என்பார்கள். படத்தில் கறுப்பாக, முட்டை வடிவில் நசுங்கி, உட்சுவரில் கொப்புளம் கொப்புளமாகத் தெரியும். இதில் ஸ்னேக் (அடைப்பைக் குத்தி வெட்டும் சுழல்கம்பி) விட்டால் சுவரே கிழிந்து வரும். இதற்குப் பொறுத்திருக்கும் வழி கிடையாது.

எல்லை எது என்பதையும் இப்போதே பாருங்கள். ரொறன்ரோவில் வீட்டிலிருந்து சொத்து எல்லை வரை உங்களுடையது. எல்லையிலிருந்து வீதி மெயின் (வீதிக்கு அடியில் போகும் பெருங்குழாய்) வரை மாநகரசபையுடையது. பல வீதிகளில் நடைபாதைக்கு உள்ளே இருக்கும் புல்தரையின் பல அடிகூட மாநகரசபையின் நிலம். சர்வே வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு கமராத் தூரத்தை ஒப்பிட்டால், கோளாறு எல்லைக்கு அப்பால் இருப்பது தெரியவரலாம். அப்படியானால் மாநகரசபையின் தொலைபேசி இலக்கமான 311க்கு அழையுங்கள், செலவு உங்களுடையதல்ல. பிளம்பருக்குப் பணம் கொடுத்தபின் அழைப்பதைவிட, அடைத்த உடனே முதல் அழைப்பை 311க்குச் செய்வது எப்போதும் லாபம்.

தோண்டி மாற்றுவது

முன்வாசல் 30 அடி, குழாய் 8 அடி ஆழம் என்று ஒரு கணக்குப் போடுவோம். 3 அடி அகலத்தில் வெட்டினால் 720 கன அடி மண், அதாவது ஏறக்குறைய 27 கன யார். வெளியே வந்த மண் உப்பும். 33 கன யார் ஆகிவிடும். இரண்டு பெரிய லொறி நிரம்பி மிச்சமும் வரும். அதை முன்வாசலில் குவிக்க இடம் வேண்டும், அல்லது ஏற்றிப்போக வேண்டும். ஒன்ராறியோ விதிப்படி 1.2 மீற்றருக்கு மேல் ஆழமான குழிக்குள் ஆள் இறங்க வேண்டுமானால், பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்க வேண்டும் அல்லது சுவரைச் சரித்து வெட்ட வேண்டும். முட்டு இல்லாத 8 அடிக் குழிக்குள் ஆளை இறக்குபவரின் விலை மலிவாகத்தான் இருக்கும். களிமண் சுவர் சரிந்தால் நெஞ்சளவு மண்ணே மூச்சை நிறுத்தப் போதும். அந்த மலிவு வேண்டாம்.

உள்ளே போடும் 4 அங்குல எஸ்டிஆர் 28 பிவிசி குழாயின் விலை மொத்தக் கணக்கில் சில்லறை. காசு போவது குழிக்கும், குழிக்கு மேலே முன்பிருந்ததைத் திருப்பி வைப்பதற்கும். புல்தரைக்குக் கீழே 30 அடியென்றால் 9,000 முதல் 13,000 வரை. அதே குழாய் ட்ரைவ்வேக்குக் கீழே போனால் தார் வெட்டி, முழுக்கச் சரளை நிரப்பி, இறுக்கி, மறுபடி தார் போட இன்னும் 2,000 முதல் 4,000. கொங்கிரீட் படி, இன்ரலொக் கல், வாசல் மண்டபத் தூண் குறுக்கே வந்தால் விலைக்கு மேல்வரம்பு கிடையாது.

சரிவு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 30 அடிக்கு ஏழரை அங்குலம். விதி இதில் பாதியையும் அனுமதிக்கிறது, ஆனால் அந்தப் பாதிச் சரிவில் மண் அரை அங்குலம் இறங்கினாலே தொய்வு வந்துவிடும். குழாய்க்கு அடியில் 6 அங்குலம் சல்லி, பக்கத்திலும் மேலே 1 அடி வரையும் சல்லி. அதன்மேல் 1 அடிக்கு ஒருமுறை இறுக்கி இறுக்கி நிரப்ப வேண்டும். புதுக்குழாய் தோற்பது இரண்டு இடத்தில்தான். ஒன்று அத்திவாரச் சுவரை விட்டு வெளியேறும் இடம். வீடு கட்டியபோது இறுக்காமல் கொட்டிய மண் அங்கே இருக்கிறது, அது இறங்கும்போது குழாயையும் இழுத்துக்கொண்டு இறங்கும். மற்றது எல்லையில் பழைய சுட்டமண்ணோடு சேர்க்கும் மூட்டு. வெறும் றப்பர் கப்ளிங் போட்டால் மண் பாரத்தில் இரண்டு குழாயும் மேலுங்கீழுமாக விலகி நிற்கும். முழு நீளத்துக்கும் துருப்பிடிக்காத இரும்பு உறை சுற்றிய கப்ளிங் கேளுங்கள். 30 டொலர் வித்தியாசம், ஆனால் 8 அடி ஆழத்தில் கிடக்கும் 30 டொலர்.

தோண்டுவதற்கு வேறெந்த முறைக்கும் இல்லாத ஒரு அனுகூலம் உண்டு. 1950களின் நடுப்பகுதிக்கு முன் கட்டிய வீடென்றால் குடிநீர்க் குழாய் ஈயமாக இருக்கலாம், அது பெரும்பாலும் அதே வழியால்தான் வருகிறது. குழி திறந்திருக்கும்போது அதையும் மாற்றினால் தனியாகச் செய்யும் செலவில் சிறு பகுதிதான் ஆகும். உங்கள் பகுதியை நீங்கள் மாற்றினால் மாநகரசபை தன் பகுதி ஈயக்குழாயை மாற்றித்தரும் திட்டமும் ரொறன்ரோவில் இருக்கிறது. குழி வெட்டுமுன் விண்ணப்பித்து வையுங்கள்.

தோண்டலைத் தடுக்கும் முதல் எதிரி மரம். தனியார் காணியில் நெஞ்சளவில் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ விட்டமுள்ள மரத்தின் வேருக்குக் காயம் உண்டாக்க ரொறன்ரோவில் அனுமதி வேண்டும். வீதியோர மாநகர மரத்துக்குப் பருமன் கணக்கே இல்லை, எந்த அளவானாலும் அனுமதி வேண்டும். முன்வாசலின் நடுவே பெரிய நோர்வே மேப்பிள் நின்றால் மற்ற வழிகளைப் பார்ப்பதே மேல்.

உள்ளே உறை போடுவது

பிசின் ஊறிய துணிக்குழல் ஒன்றைக் காற்றழுத்தத்தால் பழைய குழாய்க்குள் புரட்டி விட்டு, உள்ளே பலூனை ஊதிச் சுவரோடு ஒட்டவைத்து, சூடான நீராலோ நீராவியாலோ புற ஊதா ஒளியாலோ கெட்டியாக்குகிறார்கள். பழைய குழாய்க்குள் 3, 4 மில்லிமீற்றர் தடிப்பில் இணைப்பே இல்லாத புதுக்குழாய். வேர் நுழைய இடுக்கு இல்லை. 30, 40 அடிக்கு 5,500 முதல் 9,000. இதில் பெரும்பகுதி ஆளும் கருவியும் வந்திறங்கும் செலவு என்பதால் 15 அடிக்கும் 40 அடிக்கும் விலை அதிகம் மாறாது. நீளம் கூடக் கூட உறை மலிவாகிறது; தோண்டல் அப்படியல்ல, ஒவ்வோர் அடிக்கும் கணக்கு ஏறும்.

இணைப்புகளில் வேர், ஓரிரண்டு வெடிப்பு, ஆனால் குழாய் வட்டமாக, சரிவு குலையாமல் இருக்கிறது: இந்த நிலைக்கு உறைதான் சரியான விடை. தொய்வுள்ள குழாய்க்கு உறை போட்டால் வழுவழுப்பான தொய்வு கிடைக்கும், அவ்வளவுதான். இடிந்து விழுந்த இடத்தில் துணிக்குழல் நுழையவே நுழையாது. படிக்கட்டுப்போல் இறங்கிய துண்டில் உறை மடிந்து, அந்த மடிப்பில் கடதாசி மாட்டும்.

குளிர்காலத்தில் இதில் தவறுவது பிசின். வெளியே மைனஸ் 15இல் வான் வண்டிக்குள் கலக்கிய பிசின் தேன்போல் கெட்டியாகித் துணியில் சரியாக ஊறாது. ஊறாத இடம் பின்னர் உரிந்து தொங்கும். சூடேற்றாமல் தானாக இறுகவிடும் வகையென்றால் 7, 8 பாகை மண்ணில் இறுகும் நேரம் பலமடங்கு நீளும். மாலையாகிவிட்டதென்று பலூனை முன்கூட்டி இறக்கினால் உறை சுருங்கிவிடும். பனி உருகும் ஏப்ரலில் இன்னொரு தொல்லை: நிலத்தடி நீர் இடுக்கால் பீச்சி உள்ளே வந்து பிசினைக் கழுவும். எப்படி இறுகவைப்பீர்கள், எத்தனை மணி நேரம், சுவரால் நீர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று மூன்று கேள்வி கேளுங்கள். விடை வரும் வேகத்திலேயே ஆளைத் தெரிந்துவிடும். வேலை முடிந்தபின் கமரா விட்டு, நடுவில் வந்து சேரும் கிளைக்குழாய்களின் வாய் சரியாக வெட்டித் திறக்கப்பட்டதா என்று பாருங்கள். அத்திவாரத்தைச் சுற்றிவரும் மழைநீர்க் குழாயின் வாயை மூடிவிட்டுப் போன வேலையால் அடுத்த வசந்தத்தில் சுவர் நனையும்.

ஓர் இணைப்பு மட்டும் கெட்டிருந்தால் 2, 3 அடித் துண்டு உறையும் உண்டு. 2,500 முதல் 4,000.

உடைத்து இழுப்பது

இரண்டு முனையிலும் குழி வெட்டி, கூம்பு மாட்டிய இரும்புக் கம்பிவடத்தைப் பழைய குழாய்க்குள் விட்டு இழுத்தால், கூம்பு சுட்டமண்ணை நொறுக்கி மண்ணுக்குள் தள்ளும். பின்னால் ஒட்டி வைத்த எச்டிபிஇ என்ற பிளாஸ்ரிக் குழாய் அந்த இடத்துக்கு வரும். 9,000 முதல் 14,000. 80 அடி முன்வாசல் உள்ள வீட்டில் இது அருமையான வழி. 30 அடியில் அப்படியல்ல: இரண்டு குழியுமே மொத்த நீளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடும், மிஞ்சியதையும் தோண்டிவிடலாமே என்று தோன்றும். தொய்வை இதுவும் பெரிதாக நிமிர்த்தாது. எரிவாயுக் குழாய் பக்கத்தில் போனால் நொறுங்கும் துண்டுகள் அதைத் தள்ளும். குளிர்நாட்டில் கவனிக்க ஒன்று: எச்டிபிஇ சூட்டுக்கும் குளிருக்கும் நன்றாக நீண்டு சுருங்கும். மைனஸ் 15இல் வாசலில் கிடந்த 30 அடிக் குழாய் மண்ணுக்குள் போய் 5 பாகைக்கு வந்ததும் ஒன்றரை அங்குலம் வரை நீளலாம். கோடையில் வெயிலில் கிடந்தது அதுபோலவே சுருங்கும். இழுத்த அன்றே இரு முனையையும் மூட்டாமல் ஓர் இரவு விட்டுவைக்க வேண்டும்.

வெட்டிவிட்டுப் பொறுத்திருப்பது

இதை யாரும் விற்க மாட்டார்கள், ஆனால் பல வீடுகளுக்கு இதுவே சரி. வேர் இணைப்பில் மட்டும் இருந்து, குழாய் உடையாமல் இருந்தால், வருடத்துக்கு ஒருமுறை வேர்வெட்டித் தலை மாட்டிய ஸ்னேக் விட 250 முதல் 450 டொலர். பத்து வருடத்துக்கு 3,500 என்று வைத்தாலும், தோண்ட ஆகும் 11,000 டொலர் அதுவரை கையிலேயே இருக்கிறது. இரண்டு வருடத்தில் விற்கப்போகும் வீட்டுக்கும், முன்வாசலை எப்படியும் இடித்துக் கட்டப்போகும் வீட்டுக்கும் இதுபோதும். வெட்டும் மாதத்தை ஒக்ரோபர், நவம்பரில் வையுங்கள். வருடம் இரண்டு தடவை அடைக்கத் தொடங்கினாலோ, ஸ்னேக் தலையோடு சுட்டமண் சில்லு வெளியே வந்தாலோ பொறுத்திருக்கும் காலம் முடிந்துவிட்டது.

நம் சமையலறைக்கென்று ஒரு குறிப்பு. தேங்காயெண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். யாழ்ப்பாணத்தில் மாதக்கணக்கில் போத்தலில் எண்ணெயாகவே இருப்பது இங்கே மண்ணுக்குள் 7 பாகையில் கிடக்கும் குழாயில் மெழுகாகப் படிகிறது. நெய்யும் ஆட்டுக்கறிக் கொழுப்பும் அப்படியே. சுடுநீர் ஊற்றினால் அது பத்தடி தள்ளிப்போய் உறையும். மேலே ஒரு சமையலறை, பேஸ்மென்ட் வாடகைக்காரருக்கு ஒரு சமையலறை என்றால் கொழுப்பும் இரட்டிப்பு. தாச்சியைக் கடதாசியால் துடைத்துவிட்டுக் கழுவுங்கள். கொழுப்பு நிறைந்த குழாய்க்கு ஸ்னேக் துளை மட்டும் போடும். சுவரைக் கழுவ 400 முதல் 800 டொலர் அழுத்தநீர் வேண்டும். ஆனால் வெடித்த சுட்டமண்ணிலும் நோ-கோரோட்டிலும் அழுத்தநீர் விடக்கூடாது.

பேஸ்மென்ட் தரைக்குக் கீழே

வெளியே மாற்றிவிட்டு உள்ளே இருக்கும் வார்ப்பிரும்பை விட்டுவிடுவது பொதுவான தவறு. அடிப்பாகம் துருவில் கரைந்து, தண்ணீர் நேரே மண்ணில் ஓடிக்கொண்டிருக்கும். தரை வெட்டி, 4 அங்குல ஏபிஎஸ் பிளாஸ்ரிக் குழாய் போட்டு, கொங்கிரீட் மூட அடிக்கு 120 முதல் 200. 30 அடிக்கு 3,600 முதல் 6,000. ஓடும் லமினேற்றும் திருப்பி வைப்பது தனி. அத்திவாரப் பாதத்தை ஒட்டி ஆழமாக வெட்ட விடாதீர்கள், பாதத்துக்குக் கீழே இருக்கும் மண் பறிபோகும்.

தரை திறந்திருக்கும்போதே பேக்வாட்டர் வால்வு (கழிவுநீர் வீட்டுக்குள் திரும்பாமல் மூடும் கதவு) போடுவது நல்லது. தனியாக 2,000 முதல் 3,500 வரை வரும் வேலை, இப்போது அதில் கூலி குறையும். 2013 ஜூலை 8 அன்று பியர்சன் விமான நிலையத்தில் 126 மில்லிமீற்றர் கொட்டியபோது வீதி மெயின் நிரம்பி வீடுகளுக்குள் திரும்பி ஓடியது. அதைத் தடுப்பது இந்தக் கதவுதான். ரொறன்ரோ மாநகரசபை இதற்கும், பேஸ்மென்ட் குழியில் சேரும் நீரை இறைக்கும் சம்ப் பம்புக்கும் ஒரு வரம்பு வரை மானியம் தருகிறது. அனுமதி எடுத்து, மேற்பார்வை முடிந்திருந்தால்தான் கிடைக்கும். எப்போதும் திறந்து நின்று, தண்ணீர் திரும்பினால் மட்டும் மூடும் வகையைத்தான் மெயின் குழாயில் போட வேண்டும். மூடியிருக்கும் நேரத்தில் மேல்மாடியில் குளித்தால் அந்தத் தண்ணீர் போக வழியின்றி உங்கள் பேஸ்மென்டிலேயே எழும்பும். இதை வாடகைக்காரருக்கும் சொல்லி வையுங்கள்.

எந்த மாதத்தில்

தைப்பொங்கலுக்கு வீடு நிறையச் சனம் வரும் நாளில்தான் குழாய் அடைக்கும், அந்த நாளில் வெளியே மண் கல்லாக இருக்கும். குளிர்காலத் தோண்டலுக்கு 1,500 முதல் 4,000 வரை கூடுதலாகக் கேட்பார்கள். மண்ணின்மேல் சூட்டுக்குழாய்களை விரித்துப் போர்வை போட்டு ஒன்றிரண்டு நாள் இளக்க வேண்டும், அல்லது இயந்திர உளியால் பனிமண்ணை உடைக்க வேண்டும். அது நியாயமான செலவு. பின்னால் வருவதுதான் சொல்லாமல் விடப்படும் செலவு: உறைந்த கட்டிகளைத் திருப்பிக் குழிக்குள் தள்ளினால் நடுவில் வெற்றிடம் நிற்கும். ஏப்ரலில் கட்டி உருகி ஓரடி பள்ளம் விழும், குழாயும் கூடவே இறங்கும். குளிர்காலத்தில் பழைய மண்ணை நிரப்ப விடாதீர்கள். உலர்ந்த சரளை கொண்டுவரச் சொல்லுங்கள். தார் ஆலைகள் குளிர்காலத்தில் மூடியிருக்கும், ஆகவே ட்ரைவ்வே மே மாதம் வரை சரளையாகவே கிடக்கும். அந்த இரண்டாவது வருகை விலைக்குள் அடங்குமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

ஜனவரியில் குழாய் இடிந்துவிட்டால் 30 அடியும் மாற்ற வேண்டும் என்பதில்லை. இடிந்த இடத்தில் மட்டும் ஒரு குழி, 4 அடி புதுக்குழாய், இரண்டு கப்ளிங்: 3,500 முதல் 6,000. மிச்சத்தை செப்ரெம்பரில், மூன்று விலை வாங்கி, அவசரமில்லாமல் செய்யலாம். மண் காய்ந்து நிற்கும் அந்த மாதந்தான் எல்லா முறைக்கும் மலிவு.

கையெழுத்துக்கு முன்

அனுமதி யார் எடுப்பது, மண் ஏற்றும் கூலி, மேற்பரப்பைத் திருப்பி வைப்பது: இந்த மூன்றும் எழுதப்படாத கொட்டேஷனை ஒப்பிடவே முடியாது. குழாய் மாற்ற மாநகர அனுமதி வேண்டும். மேற்பார்வையாளர் பார்க்குமுன் குழியை மூடக்கூடாது. ஒன்ராறியோ வன் கோலுக்கு அழைத்து எரிவாயு, மின்சாரக் கம்பிகளைக் குறிக்கச் செய்வது இலவசம், சட்டப்படி கட்டாயம். ஒன்ராறியோ நுகர்வோர் சட்டப்படி, எழுதித் தந்த மதிப்பீட்டைவிட 10 வீதத்துக்கு மேல் கேட்க முடியாது, நீங்கள் புதிய வேலையைச் சம்மதித்துச் சேர்த்தாலொழிய. குழிக்குள் நின்றுகொண்டு "அண்ணை, இதுவும் போயிட்டுது" என்றால் படம் எடுத்துக் காட்டி, விலை எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டுக் காப்புறுதியில் கழிவுநீர் திரும்பிவரும் சேதத்துக்குத் தனிப்பிரிவு வாங்கியிருந்தால் நனைந்த கம்பளத்துக்குக் காசு வரும். உக்கிய குழாய்க்கு வராது. குழாய்க்கென்று வேறு பிரிவு சில நிறுவனங்களிடம் உண்டு.

குழியை மூடுமுன், அளவுநாடாவை அத்திவாரத்திலிருந்து விரித்து வைத்து, ஒவ்வொரு மூட்டும் எத்தனையாவது அடியில், எத்தனை அடி ஆழத்தில் என்று தெரியும்படி படம் எடுங்கள். வெளியே நிலமட்டத்தில் ஒரு கிளீனவுட் (ஸ்னேக், கமரா விடும் வாய்) மூடி வைக்கச் சொல்லுங்கள், சுமார் 500 முதல் 900 கூடும். பனிக்குக் கீழே அந்த மூடி எங்கே என்று பிப்ரவரியில் தேடாதிருக்க, சுவரிலிருந்து அதற்குள்ள தூரத்தையும் மின்பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.